பின்வாசலில் மூன்றெழுத்து இங்கிலீஷ்

போன ஞாயிற்றுக்கிழமை அம்பாங்கானில் என் தம்பி மகன் குணா வீட்டில் சாப்பாடு. நண்டுக் குழம்பு, கோழி வறுவல், ரசம்... வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சாயலாம் என்று பார்த்தால், மேசைமேல் ஒரு பலகையை விரித்துவிட்டார்கள்.

கட்டையில் ஒவ்வொரு எழுத்தாக இருக்குமே, அதை அடுக்கி இங்கிலீஷ் வார்த்தை கட்டுவார்களே – அந்த விளையாட்டு. உங்கள் வீட்டு அலமாரியிலும் நாலு கட்டை தொலைந்து ஒன்று கிடக்கும்.

குணாவின் மகள் பிரியா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். செரம்பானில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து ரிட்டயரானவள் நான். அந்த வீட்டில் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் நான் ‘டீச்சர்’தான். அத்தை, பாட்டி என்று கூப்பிட்டால் காசா கேட்கிறேன்? கூப்பிடமாட்டார்கள்.

“டீச்சர் உக்காந்துட்டாங்க. நாம அவ்ளோதான்லா” என்றான் குணா.

நன்றாகத்தான் ஆடினேன். கடைசிச் சுற்று. பலகையில் ஓர் ‘ஐ’ தனியாக நிற்கிறது. என் கையில் ‘எஃப்’ இருக்கிறது, ‘டி’ இருக்கிறது. வைத்தால் ஆட்டம் என்னுடையது. நான் கட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “எனக்கு ஒன்றும் வரலை” என்றேன்.

பிரியா விடுகிற ஆளா? எட்டிப் பார்த்துவிட்டாள்.

“டீச்சர், ஃபிட் இருக்கே. சின்னப் புள்ளகூட போட்டுரும்லா.”

“தெரியலைம்மா.”

“ஃபிட் தெரியாதா? ஒங்களுக்கா?”

குணா சிரித்தான். டீச்சருக்கு வயசாயிருச்சு, விடு என்றான். நானும் சிரித்து வைத்தேன். ஆட்டம் பிரியாவுக்குப் போய்விட்டது.

வயசாகிவிட்டது, வாஸ்தவம். ஆனால் விஷயம் அதுவல்ல. அந்த வார்த்தையை நான் எங்கேயும் வைப்பதில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு வார்த்தைகளைக் குடும்பம் குடும்பமாகத்தான் சொல்லிக் கொடுப்பேன். கேட், ஹேட், மேட் ஒரு குடும்பம். ஹென், பென், டென் இன்னொரு குடும்பம். ‘ஐ’யும் ‘டி’யும் கடைசியில் வருகிற குடும்பம் வந்ததென்றால் – சிட், ஹிட், பிட் – அதோடு நிறுத்திக்கொள்வேன். எவனாவது கெட்டிக்காரப் பயல் எழுந்து “டீச்சர், ஃபிட்” என்பான். எழுதிவிட்டு உடனே டஸ்டரால் துடைத்துவிடுவேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

வாராவாரம் எழுதுகிற இந்தப் பத்தியில் எத்தனையோ பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன். பஸ் கண்டக்டர், பல் டாக்டர், கல்யாண வீட்டு வீடியோக்காரர் என்று யாரையும் விட்டதில்லை. என் வீட்டுக் கதை என்றால் மட்டும் பேனா மக்கர் பண்ணுகிறது. இந்த வாரம் பண்ணவிடப் போவதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அங்கே கிராணி. கிராணி என்றால் ஆபீஸ் குமாஸ்தா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஆனால் தோட்டத்தில் கிராணி வெறும் குமாஸ்தா இல்லை. வெள்ளைக்காரத் தொரைக்கு அடுத்தபடி அவர்தான். எங்கள் வீட்டைக் கடந்து போகிற தொழிலாளி மழையாக இருந்தாலும் குடையை மடக்குவார். சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். தொழிலாளர் குடியிருந்த லயத்து ஆட்கள் யாரும் எங்கள் முன்வாசலில் கால் வைத்ததில்லை. பின்வாசல் படியோடு சரி. காப்பி கொடுத்தால் எங்களுக்குப் பீங்கான் கோப்பை, அவர்களுக்குக் காலி பால் டின்.

இதெல்லாம் தப்பு என்று அப்போது எனக்குத் தோன்றியதா? இல்லை. வானம் மேலே இருக்கிறது, கிராணி வீடு மேட்டில் இருக்கிறது... அவ்வளவுதான்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் என்றால் உயிர். பொழுது சாய்ந்ததும் எங்களை உட்கார வைத்து ஒரு விளையாட்டு நடத்துவார். கடைசி இரண்டு எழுத்தை அவர் சொல்வார். அதில் முடிகிற சின்ன வார்த்தையை நாங்கள் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, “அர்த்தம்?” என்பார். அர்த்தம் தெரியாத வார்த்தை வாயில் இருக்கிற உமி என்பது அவர் கட்சி. தோற்றால் அவருடைய ஷூவுக்குப் பாலிஷ் போட வேண்டும். அம்மாவும் ஆடுவாள். அம்மாதான் அதிகம் தோற்பாள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். தொரை சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூர்ப் பக்கம் காரில் போய்விட்டார். செரம்பானில் நான் படித்த இங்கிலீஷ் ஸ்கூல் மூடிக்கொண்டது. நான் தோட்டத்துக்கே திரும்பி வந்தேன். இங்கிலீஷ் இனிமேல் வேண்டாம், எல்லோரும் ஜப்பான் பாஷை படியுங்கள் என்றார்கள். அப்பா மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தி விளையாட்டைத் தொடர்ந்தார். எங்கள் வீட்டில் மிச்சமிருந்த ஒரே கெத்து அதுதான்.

ஒரு நாள் தோட்டத்துக்கு ஒரு ஜப்பான் அதிகாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. சயாமில், அதாவது தாய்லாந்தில், ரயில் ரோடு போட ஆள் வேண்டுமாம். காலையில் பெரட்டுக்கு – அதுதான், ஆட்கள் வரிசையில் நின்று பேர் கொடுக்கிற இடம் – எல்லோரும் வந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு. நல்ல சம்பளம், அரிசி, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் சொன்னார்கள். நம்பினவர் யார் என்று கேட்காதீர்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பியிருக்கவில்லை.

அதற்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

“சின்னப்பன விட்றாதீங்க. அவன் போயிட்டா தண்ணி யாரு தூக்குவா?”

அப்பா பெரட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

சின்னப்பன் எங்கள் வீட்டு வேலைக்கென்று தோட்டத்தில் ஒதுக்கியிருந்த இளவட்டம். கீழே ஓடையிலிருந்து தண்ணீர் தூக்குவான், விறகு பிளப்பான். நல்ல கட்டுமஸ்தான ஆள். தும்மிக்கூட நான் பார்த்ததில்லை.

மறுநாள் லாரி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. பெரட்டுக்கு நான் போகவில்லை, பெண்பிள்ளை என்று வீட்டிலேயே வைத்துவிட்டார்கள். சின்னப்பன் வழக்கம்போல வாளியோடு வந்தான். கோயிலில் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டதால் சாமி காப்பாற்றிவிட்டது என்றான். அம்மா அவனுக்கு அன்று காப்பியில் கொஞ்சம் கூடுதலாகவே வெல்லம் போட்டாள்.

போனவர்களில் மாணிக்கமும் ஒருவர். பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். அவர் மனைவி பச்சையம்மா.

அதற்குப் பிறகுதான் நிஜமான பஞ்சம். அரிசி கண்ணில் படவில்லை. அப்பாவின் சம்பளம் ஜப்பான் நோட்டு – கட்டுக் கட்டாகக் கொண்டுபோனால் கைப்பிடி உப்பு வாங்கலாம். லயத்து ஜனங்கள் ரப்பர் மரத்தை வெட்டித் தள்ளிவிட்டு மரவள்ளி போட்டார்கள். எங்களுக்கு மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. அம்மா பட்டுச் சேலையைக் கொடுத்துக் கிழங்கு வாங்கினாள். பிறகு பித்தளைக் குடத்தைக் கொடுத்தாள். அப்புறம் கொடுக்க ஒன்றுமில்லை.

அந்தச் சமயத்தில்தான் பச்சையம்மா பின்வாசலுக்கு வந்தாள். சாக்கைத் தைத்து உடுத்தியிருந்தாள். இடுப்பில் ஒரு கூடைக் கிழங்கு.

“கிராணியம்மா, இத வச்சிக்குங்க.”

“என்கிட்ட குடுக்க ஒன்னும் இல்லையே, பச்சையம்மா.”

“ஒன்னும் வேணாம்மா. அன்னிக்கிப் பெரட்டுல எங்காளுக்காக ஐயா எவ்வளவோ பேசிப் பாத்தாரு. அது நடக்கல, நம்ம விதி. பேசுனாருல்ல, அது போதும்.”

அம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அப்போது எனக்கு அதற்கு அர்த்தம் தெரியவில்லை. கூடையை வாங்கவும் முடியாமல், வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் நின்றாள். உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது, போட ஒன்றுமில்லை.

“சும்மா வாங்கமாட்டேன்” என்றாள் அம்மா கடைசியில். “எம் பொண்ணு ஒனக்கு இங்கிலீசு சொல்லிக் குடுப்பா.”

யோசித்துப் பாருங்கள். ஊரெல்லாம் இங்கிலீஷைப் பேசாதே என்று அதட்டிக்கொண்டிருந்த காலம். வெள்ளைக்காரன் நோட்டு செல்லாது, வெள்ளைக்காரன் பாஷை செல்லாது. கிழங்குக்கு மாற்றாக அம்மா அதைத்தான் கொடுக்கிறாள். எனக்கே சிரிப்பு வந்தது. பச்சையம்மா சிரிக்கவில்லை.

“சொல்லிக் குடுங்க பாப்பா. பெருசெல்லாம் வேணாம், சின்னச் சின்னச் சொல்லு போதும். பெரட்டுல தொரையும் ஐயாவும் எங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே பேசிக்குவாங்கல்ல? எங்களப் பத்தி என்னா பேசிக்கிறாங்கன்னு தெரிஞ்சிக்கணும்னு ரொம்ப நாளா ஆச.”

அவளுக்கு என் அம்மா வயதில் முக்கால்வாசி இருக்கும். என்னை ‘நீங்க’ என்பாள். நான் அவளை ‘நீ’ என்பேன், பேர் சொல்லிக் கூப்பிடுவேன். வாத்தியாரம்மா அல்லவா.

பாடம் பின்வாசல் படியில். நான் மேல்படியில், அவள் கீழ்ப்படியில். குச்சியால் மண்ணில் எழுதிக் காட்டுவேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் காது கூர்மை. முதல் எழுத்தை மட்டும் அழித்து அழித்து மாற்றுவதைப் பார்த்து ஒரு நாள் சொன்னாள்: “தல மட்டும் மாறுது. ஒடம்பு ஒன்னுதான்.” டீச்சர் டிரெயினிங்கில்கூட இதை யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அப்பாவின் முறையேதான். கடைசி இரண்டு எழுத்து அதேதான், அர்த்தம் வேறு. ஹேட் என்றால் தொப்பி. “தொர தலையில இருக்கும்.” மேட் என்றால் பாய். ரேட் என்றால் எலி. “அது லயத்துல இருக்கும்” என்று அவளே முடிப்பாள். டின் என்றதும் பால் டின்னைத் தூக்கிக் காட்டினாள். கொஞ்ச நாளில் நான் அந்தப் பாட வேளைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். ஸ்கூல் இல்லாத எனக்கு அவள்தானே ஸ்கூல்?

ஒரு நாள் ‘ஐ, டி’ குடும்பம். சின்னப்பன் பக்கத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

“சிட்டுன்னா உக்காரு.”

“உக்காந்துதான் இருக்கேன்.”

“ஹிட்டுன்னா அடி. பிட்டுன்னா குழி.”

“கெழங்குக்கு வெட்டுற குழியா?”

“ஆமா. கிட்டுன்னா மூட்ட முடிச்சு. சோல்ஜர் தூக்கிட்டுப் போற சாமான்.”

“சயாமுக்குப் போறப்ப எங்காளு கட்டிக்கிட்டுப் போனாரே, அதுவுமா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் “சரி, சொல்லுங்க பாப்பா” என்றாள்.

“ஃபிட்.”

பச்சையம்மா மண்ணில் இருந்த எழுத்தைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று சொன்னேன் அல்லவா? அப்படியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது... இதுக்கு என்னா அர்த்தம்?”

“ஒடம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம். எந்த வேலைக்கும் ஏத்த ஆளுன்னு.”

“காய்ச்சக்காரனச் சொல்லுவாங்களா?”

“ம்ஹூம். காய்ச்சல்னா சிக்.”

“சிக்குன்னா சீக்குதான பாப்பா?”

“ஆமா.”

எனக்குப் பெருமையாக இருந்தது. பாருங்கள், மாணவி இவ்வளவு கேள்வி கேட்கிறாளே என்று.

அவள் குரலை உயர்த்தவில்லை. கிழங்கு விலை பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

“அன்னிக்கி எங்காளுக்குக் குளிர்காய்ச்ச. சாக்கப் போத்திக்கிட்டு வெடவெடன்னு நின்னாரு. பொம்பளைங்க நாங்க எதுத்தாப்புல நிக்கிறோம். அந்த ஜப்பான்காரன் ஒவ்வொருத்தரா கம்ப நீட்டுறான், ஐயா இங்கிலீசுல ஒரு சொல்லு சொல்றாரு. சில பேருக்கு சிக்குன்னாரு, விட்டுட்டான். எங்காளப் பாத்து நீட்டுனான். ஐயா ஃபிட்டுன்னாரு. எனக்கு அந்தச் சொல்லு தெரியாது. இவனுக்கு முடியல, கூட்டிட்டுப் போகாதன்னு ஐயா எடுத்துச் சொல்றாரு, அந்தப் பாவிதான் கேக்கலன்னு நெனச்சிக்கிட்டேன்.”

விறகு பிளக்கிற சத்தம் நின்றுவிட்டது.

“எனக்கு என்னாக்கா சொன்னாரு?” என்றான் சின்னப்பன்.

பச்சையம்மா திரும்பி அவனைப் பார்த்தாள். கோடரியும் தோளுமாக, வேர்வை வழிய நிற்கிறவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“ஒனக்கு சிக்கு.”

எனக்கு அம்மாவின் குரல் கேட்டது – தண்ணி யாரு தூக்குவா? கிழங்குக் கூடையைப் பார்த்து அம்மாவின் முகம் போன போக்குக்கும் அப்போதுதான் அர்த்தம் கிடைத்தது. ஊரிலே இங்கிலீஷ் பேசக் கூடாது என்ற ஜப்பான்காரன், ஆள் பிடிக்க வந்தபோது என் அப்பாவோடு இங்கிலீஷில்தான் பேசியிருக்கிறான். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான். சிக், ஃபிட்... இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அங்கே என்ன தேவைப்பட்டிருக்கும்?

  மேல்படியில் உட்கார்ந்திருக்கிறேனே, இறங்கிவிடலாமா என்று இருந்தது. இறங்கவில்லை.

பச்சையம்மா எழுந்து சாக்குத் துணியைத் தட்டிக்கொண்டாள். “போதும் பாப்பா. தேடுன சொல்லு கெடச்சிருச்சு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் அப்பா ஜன்னலைச் சாத்தினார். என்ன எழுத்து கொடுக்கலாம் என்று யோசித்து, எத்தனையோ எழுத்துகள் இருக்க, “ஐ, டி” என்றார். தற்செயல்தான். அவருக்கு ஒன்றும் தெரியாது.

சிட் சொன்னேன், ஹிட் சொன்னேன். கிட் சொன்னேன். நின்றுவிட்டேன்.

“இன்னொன்னு இருக்கே. ரொம்ப ஈஸி.”

“தெரியலப்பா.”

“தெரியலயா? எஃப்...” என்று எடுத்துக் கொடுத்தவர் அப்படியே நிறுத்தினார். வாய் அந்த எழுத்துக்குத் திறந்தபடியே இருந்தது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். எங்கள் வீட்டில் அந்த விளையாட்டு அதற்குப் பிறகு நடக்கவில்லை. ஏன் என்று அம்மாவும் கேட்கவில்லை.

சின்னப்பன் மறுநாள் வரவில்லை. பச்சையம்மாவின் மரவள்ளிக் கொல்லையில் மண் வெட்டிக்கொண்டிருக்கிறான் என்று ஆட்களை மேய்க்கிற கங்காணி வந்து சொன்னார். “இழுத்துட்டு வரட்டுமா ஐயா?” என்றார். அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார்.

அப்புறம் தண்ணீர் யார் தூக்கினார்கள் என்கிறீர்களா? நான்தான் தூக்கினேன். அம்மாவும் தூக்கினாள். இருட்டுவதற்கு முன்னால் அப்பாவும் ஒரு நடை போய்வருவார். ஓடை ஒன்றும் தூரமில்லை. முதலில் தோள் வலித்தது, பிறகு பழகிவிட்டது. ஒவ்வொரு வாளி தூக்கும்போதும் எனக்கு ஒரே நினைப்புதான்: ஒரு மனுஷனைச் சயாமுக்கு அனுப்புகிற அளவுக்கு இது என்ன அப்படிக் கனக்கிறது?

கிழங்கு நின்றிருக்கும் என்று நினைப்பீர்கள். நிற்கவில்லை. பச்சையம்மா கொண்டுவந்து கீழ்ப்படியில் வைத்துவிட்டுப் போவாள். காப்பி கொடுத்தால் வாங்கமாட்டாள். ஒரு நாள் தாங்கமுடியாமல் அவள் பின்னாலேயே ஓடினேன்.

“ஏன் இன்னமும் கொண்டு வர்றீங்க?” அன்றுதான் முதல்முறையாக அவளை ‘நீங்க’ என்றேன். அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

“எங்காளு திரும்பி வருவாரு, பாப்பா. வந்து ஐயாவ ஒரு வார்த்த கேக்கணும்ல? அதுவரைக்கும் ஐயா உசுரோட இருக்கணும்.”

இதைக் கேட்டுவிட்டு வந்து நான் என்ன செய்தேன்? அந்தக் கிழங்கைச் சாப்பிட்டேன். அப்பா சாப்பிட்டார், அம்மா சாப்பிட்டாள், தம்பி இன்னும் வேண்டும் என்று அழுதான். துப்பிவிட வேண்டும்போல இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். பொய்யாகவும் இருக்கும். பசி... ருசித்துத்தான் சாப்பிட்டேன்.

அப்பா கெட்டவர் இல்லை. இதைச் சொல்லும்போதுதான் எனக்கு இன்னும் கூசுகிறது. கெட்டவராக இருந்திருந்தால் என் பாடு சுலபமாகப் போயிருக்கும். பிள்ளைகளை அடித்ததில்லை, குடித்ததில்லை, தோட்டத்து ஆட்களின் சம்பளத்தில் கை வைத்ததில்லை. யாரையாவது அனுப்பியே தீரவேண்டும் என்ற நிலைமையில், யாரை அனுப்பினால் தன் வீட்டுக்குச் சங்கடமில்லை என்று பார்த்தார். அவ்வளவுதான் செய்தார். எல்லோரும் அப்படித்தானே பார்க்கிறோம் என்று நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்லலாம். நானும் பல வருஷம் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான். சயாமிலிருந்து ஒருவர் இருவராக ஆட்கள் வந்தார்கள். எலும்புக்கூடு நடந்து வருகிற மாதிரி இருந்தது. லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பச்சையம்மா ரோட்டுக்கு ஓடுவாள். அப்பா உள் அறைக்குப் போய்விடுவார். மாணிக்கம் வரவில்லை. கடைசி லாரியும் வந்துபோன பிறகு, எங்கள் படிக்குக் கிழங்கு வருவது நின்றது.

புதுத் தொரை ஒருவர் வந்தார். சின்ன வயது, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மறுபடியும் பெரட்டு, மறுபடியும் அப்பா கிராணி. முதல் நாள் காலையில் அப்பாவுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போன நான் ஆபீஸ் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொரை வரிசையாக ஆட்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பச்சையம்மாவிடம் நின்றார். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, அதே சாக்கோடு நின்றாள் அவள். இந்தப் பெண்ணால் மரம் வெட்ட முடியுமா, உடம்புக்கு என்ன என்று அப்பாவை இங்கிலீஷில் கேட்டார்.

அப்பா வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை.

“ஃபிட், தொர” என்றாள் பச்சையம்மா.

 தொரைக்கு ஒரே சந்தோஷம். ஒரு கூலிக்காரப் பெண் இங்கிலீஷ் பேசுகிறாளே... இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கச் சொன்னார்.

அப்பாதானே மொழிபெயர்க்க வேண்டும்? தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “இந்த வார்த்தைய... யாரு சொல்லிக் குடுத்தான்னு தொர கேக்குறாரு.”

பச்சையம்மா என் பக்கம் திரும்பவேயில்லை.

“நீங்கதான் ஐயா” என்றாள்.

அதையும் அப்பாதான் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. தான்தான் சொல்லிக் கொடுத்தது என்று சொன்னார். தொரை அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

பிரியா, அந்த வார்த்தைக்கு என் அகராதியில் இருக்கிற அர்த்தம் இதுதான். வரும் ஞாயிறும் எஃப்பும் டியும் என் கைக்கு வந்தால், நீயே எடுத்துக்கொள்.